பட்டனை அமுக்கவா நான்கு ஆண்டு படிப்பு?

கோபிச்செட்டிபாளையத்தில் பிளஸ் டூ முடித்திருக்கும் ஒரு பெண் எழுதியிருக்கிறாள். மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டவில்லை. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கக் கற்றுத்தரும் ரேடியோகிராஃபியில் சேரலாம் என்கிறார் அப்பா. "பட்டனை அமுக்கவா நான்கு ஆண்டு படிப்பு?" என்கிறார் மாமா. "கதிர் பட்ட வயிற்றில் பிள்ளை தங்குமா?" என்று அம்மாவைப் பெற்ற அம்மாயி கண்ணைக் கசக்குகிறார். இதற்கு நடுவில், சேர விரும்பும் கல்லூரியில் 'இந்தத் துறையை நான் ஏன் தேர்ந்தெடுக்கிறேன்' என்று ஒரு பக்கம் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். "என்ன எழுதட்டும், அக்கா?" என்பது கேள்வி.

கண்ணு, அந்த ஒரு பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். அப்படிப்பட்ட பக்கங்களைக் கட்டுக்கட்டாகப் படித்தவள் நான். மூன்று ஆண்டுகள் ஒரு கல்லூரியின் சேர்க்கைக் குழுவில் உட்கார வைத்தார்கள். பாதிப் பேர் 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் தொடங்குவார்கள். ராண்ட்ஜென், அவர் எக்ஸ்ரே எடுத்த மனைவியின் கை, விரலில் மோதிரம், 1901 இல் இயற்பியலுக்கான முதல் நோபல் பரிசு என்று வரிசையாக வரும். மீதிப் பேர் 'ஏழை எளிய மக்களுக்குச் சேவை' என்று எழுதுவார்கள். இரண்டும் பொய்யில்லை. ஆனால் ராண்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார் என்பதற்காக நீ ஏன் பெருந்துறையிலோ காங்கேயத்திலோ இரவு இரண்டு மணிக்கு விழித்திருக்க வேண்டும்? அதற்கு அந்தப் பக்கங்களில் பதில் இருக்காது. படித்துவிட்டு மடித்து வைத்துவிடுவோம்.

என் காரணத்தைக் கேட்டால் சிரிப்பாய். இடம் கிடைத்தது, அவ்வளவுதான். 1998 இல் இரண்டாண்டு டிப்ளமோவில் சேர்ந்தேன். அப்பா கோவை கணபதியில் ஒரு பவுண்டரியில் வார்ப்பு அச்சு செய்யும் மோல்டர். எக்ஸ்ரே என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. கோவையில் மனிதர்களைப் படம் எடுக்கும் ரேடியோகிராஃபி ஒன்று உண்டென்றால், இரும்பைப் படம் எடுக்கும் ரேடியோகிராஃபி இன்னொன்று உண்டு. அப்பாவின் பட்டறையில் வெளிநாட்டுக்குப் போகும் வால்வு வார்ப்படங்களை, கதிர்வீசும் இரிடியத்தை வைத்துப் படம் எடுப்பார்கள். ஆட்கள் எல்லாம் வீட்டுக்குப் போன பிறகு, சுற்றிலும் கயிறு கட்டி, இரவில்தான் நடக்கும். உருகிய எஃகில் காற்று சிக்கிக்கொண்டால் உள்ளே குழியாக நின்றுவிடும். மேலே தேய்த்து வண்ணம் அடித்துவிட்டால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. ஃபிலிமில் கறுப்புப் புள்ளியாகத் தெரியும். பட்டறையில் அதற்குப் புளோ ஹோல் என்று பெயர்.

முதல் ஆண்டு விடுமுறையில் என் பாடப் புத்தகத்தில் இருந்த ஒரு நெஞ்சுப் படத்தை அப்பாவிடம் காட்டினேன். காசநோய் அரித்து, நுரையீரலின் மேல்பகுதியில் வட்டமாகக் குழி விழுந்திருந்த படம். கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "புளோ ஹோல்தானே இது?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வார்ப்படம் என்றால் உடைத்துப் போட்டு மறுபடி உருக்கிவிடுவோம். இதை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். மருந்து இருக்கிறது, ஆறு மாதம் விடாமல் சாப்பிட வேண்டும் என்று பாடத்தை ஒப்பித்தேன். அப்போதும் அது எனக்குத் தேர்வுக்கான விடையாகத்தான் இருந்தது.

மாமா சொல்லும் பட்டன் விஷயத்துக்கு வருகிறேன். பட்டன் இருக்கிறது. அதை அமுக்க ஒரு நொடிகூட ஆகாது. அந்த நொடிக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதுதான் படிப்பு.

மிகச் சாதாரணமான நெஞ்சு எக்ஸ்ரேயை எடுத்துக்கொள். சோமனூரிலோ பல்லடத்திலோ விசைத்தறி ஓட்டும் ஒருவர் மூன்று வாரமாக விடாத இருமலோடு வருகிறார். முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பி, நெஞ்சை அதில் ஒட்டி நிற்க வைக்கிறோம். முதுகுப் பக்கமிருந்து கதிர் வர வேண்டும். அப்போதுதான் முன்பக்கம் இருக்கும் இதயம் படத்தில் பெரிதாகித் தெரியாது. கதிர் வரும் குழாய் ஆறடி தள்ளி நிற்பதும் அதற்காகவே. மோவாயைத் தூக்கி வைக்கச் சொல்வோம். கையை இடுப்பில் வைத்து இரண்டு தோளையும் முன்னால் தள்ளச் சொல்வோம். ஏன்? பின்னால் இருக்கும் தோள்பட்டை எலும்புகள் அப்படித் தள்ளினால்தான் நுரையீரலை விட்டு விலகும். காசநோய் பெரும்பாலும் பெரியவர்களுக்கு நுரையீரலின் உச்சியில், காறை எலும்புக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கும். தோள் தொங்கினால், உடம்பு ஒரு பக்கம் திரும்பினால், மூச்சை அரைகுறையாக இழுத்தால் அந்தச் சின்ன வெண்திட்டு மறைந்துபோகும். "மூச்சை நன்றாக இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள்" என்பதை நாள் முழுக்கக் கிளிப்பிள்ளை போல் சொல்கிறோம் என்று எங்களைக் கேலி செய்வார்கள். சொல்லும் விதம் சரியில்லையென்றால் மனிதர் மூச்சை இழுப்பதற்குப் பதில் தோளைத் தூக்குவார். அதையும் பார்த்துக்கொண்டே அமுக்க வேண்டும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி நிற்கும் வளாகம் ஒரு காலத்தில் காசநோய் சானடோரியமாக இருந்தது. இன்றும் அந்த இடத்தைச் சானடோரியம் என்றே சொல்லும் பெரியவர்கள் உண்டு. இந்த ஊர்களுக்கு இருமலும் புதிதில்லை, நெஞ்சுப் படமும் புதிதில்லை.

தாலிக்கொடி, ஊக்கு, தாயத்து என்று கழுத்தில் கிடக்கும் உலோகம் எல்லாம் படத்தில் விழும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று நிற்கும் ஆத்தாக்களிடம் வாதாடிப் பயனில்லை. கொடியைத் தூக்கி வாயில் கவ்விக்கொள்ளச் சொன்னால் படமும் தப்பும், தாலியும் தப்பும். இது எந்தப் பாடத்திலும் இல்லை. எனக்கு மூத்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார்.

என் காரணம் எனக்கு எப்போது வந்தது என்று சொல்கிறேன். 2004, ஆனைமலைப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனை. தென்னை ஏறுகிற ஒருவரைத் தோட்டத்துக்காரர் ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார். ஐம்பது வயதிருக்கும். பாளை வெட்டிக்கொண்டிருந்தபோது கால் வழுக்கி, நின்ற வாக்கிலேயே தரையில் இறங்கியிருக்கிறார். டாக்டர் எழுதிய சீட்டில் 'வலது குதிகால்' என்று மட்டும் எழுதியிருந்தது. குதிகால் சுரைக்காயாக வீங்கியிருந்தது. எடுத்தேன். எலும்பு நசுங்கிப் போயிருந்தது. சீட்டில் இருந்த வேலை அதோடு முடிந்தது. ஃபிலிமைக் கழுவிக் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன், மனிதர் மேசையிலிருந்து எழ முயல்கிறார். வெளியே போய் ஒரு பீடி பற்ற வைக்க வேண்டுமாம். எழும்போது ஒரு கையைப் பின்னால் ஊன்றினார். முகம் ஒரு கணம் சுளித்தது.

"படுங்கள் அண்ணா, எழவே கூடாது" என்று ஓடிப்போய்த் தோளை அழுத்தினேன். "முதுகு வலிக்கிறதா?"

"முதுகா? அது சும்மா பிடித்திருக்கிறது அம்மணி. நீங்கள் காலைப் பாருங்கள்."

உயரத்திலிருந்து நின்ற வாக்கில் விழுந்தால், அடி குதிகாலோடு நிற்காது. காலெலும்பு வழியாக ஏறி முதுகெலும்பில், நெஞ்சுப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சேரும் இடத்தில் போய் இறங்கும். டிப்ளமோ வகுப்பில் ஒரு மதியம் தூக்கக் கலக்கத்தில் கேட்ட பாடம். ஆனால் சீட்டில் இல்லாததை நானாக எடுக்க எனக்கு உரிமை கிடையாது. டாக்டரைக் கூப்பிட்டேன். சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்த எரிச்சல் முகத்தில் தெரிந்தது. முதுகை விரலால் மெல்லத் தட்டினார். ஓரிடத்தில் அந்த மனிதர் "அம்மா" என்றார். டாக்டர் ஒன்றும் பேசாமல் சீட்டில் ஒரு வரி சேர்த்து எழுதினார். ஆளைப் புரட்டவில்லை. படுத்தபடியே விட்டு, குழாயைப் பக்கவாட்டில் சாய்த்து, கதிரைக் கிடைமட்டமாக விட்டு எடுத்தேன். இடுப்பு முள்ளெலும்புகளில் முதலாவது உடைந்து, ஒரு துண்டு பின்னால் தண்டுவடத்தை நோக்கித் தள்ளியிருந்தது. எழுந்து பீடி குடிக்கப் போயிருந்தால் கால் இரண்டும் போயிருக்கலாம். பலகையில் கட்டிக் கோவைக்கு அனுப்பினார்கள். பல மாதம் கழித்து ஒரு குலை இளநீரோடு நடந்து வந்தார். "நான் ஏறிப் பறித்ததில்லை, பையன் ஏறினான்" என்று அவராகவே சொன்னார்.

அவருக்கு அறுவை சிகிச்சை செய்தது யாரோ ஒரு டாக்டர். என் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. ஆனால் அன்றிரவு பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது, இந்த வேலையை விட்டுவிட்டு வேறு எதற்காவது போகலாம் என்று ஆறு ஆண்டாக மனத்தில் ஓடிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது. படிப்பில் சேர்ந்து ஆறு ஆண்டு கழித்து, கண்ணு. அதனால் பதினேழு வயதில் உனக்குக் காரணம் தெரியவில்லை என்பது குறையே இல்லை.

'இயந்திரங்கள் எனக்குப் பிடிக்கும்' என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குக் கவலை. நான் வேலைக்கு வந்தபோது இருட்டறை, சிவப்பு விளக்கு, டெவலப்பர் தொட்டி, ஃபிக்ஸர் தொட்டி. புடவையில் எந்நேரமும் அந்தப் புளிப்பு வாடை. ஃபிக்ஸரில் கரையும் வெள்ளிக்காகத் தீர்ந்த கரைசலையும் பழைய ஃபிலிமையும் விலைக்கு எடுத்துப் போக ஆட்கள் வருவார்கள். சேலத்துக் கொலுசில் எத்தனை பேரின் விலா எலும்பு கலந்திருக்கிறதோ! அதெல்லாம் போய் கேசட்டைச் செருகினால் கணினியில் படம் வந்தது. அதுவும் போய் இப்போது அமுக்கின மறுநொடி திரையில் வருகிறது. 2021 இல் உலக சுகாதார நிறுவனம், காசநோய்ப் பரிசோதனைக்கு எடுக்கும் நெஞ்சுப் படங்களைக் கணினி நிரலைக் கொண்டும் படிக்கலாம் என்று பரிந்துரைத்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அந்த நிரலுக்கும் தோள்பட்டை மறைக்காத படம் வேண்டுமே. இயந்திரத்தின் மேல் வைத்த ஆசை இயந்திரத்தோடு பழையதாகிவிடும். மேசையில் படுத்திருக்கும் ஆள் மாறுவதில்லை.

இனி அம்மாயி. அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளாதே. அதில் பாதி நியாயம். எக்ஸ்ரே உடம்புக்குக் கெடுதல் செய்யக்கூடியதுதான். அதனால்தான் 1983 இல் அமைந்த அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் எங்கள் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. வேலை செய்யும் எங்களுக்கு ஐந்து ஆண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு), எந்த ஓர் ஆண்டிலும் 30க்கு மேல் போகக் கூடாது என்பது வரம்பு. நெஞ்சில் ஒரு சிறிய அட்டை குத்தியிருப்போம், டி.எல்.டி. பேட்ஜ். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை அனுப்பினால் எவ்வளவு கதிர் வாங்கியிருக்கிறோம் என்று கணக்கு வரும். கணக்கு ஒழுங்காக எழுதும் இடத்தில், தடுப்புச் சுவருக்குப் பின்னால் நின்று வேலை செய்யும் ரேடியோகிராஃபருக்கு அந்த வரம்பின் பக்கத்தில்கூடப் போகாது. மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சும்மா இருக்கிற எவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் வந்துகொண்டுதான் இருக்கிறது. ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.1க்குள் அடங்கும். வயிற்று சி.டி. ஸ்கேன் என்றால் சுமார் 10. அதனால்தான் அதைத் தலைவலிக் காய்ச்சலுக்கெல்லாம் எடுக்கக் கூடாது என்கிறோம்.

அம்மாயிக்குப் புரிய வேண்டுமானால் இப்படிச் சொல்: விளக்கை அணைத்த பின் வெளிச்சம் அறையில் தங்குமா? எக்ஸ்ரேயும் அப்படித்தான், பட்டனை விட்டதும் தீர்ந்தது. சுவரிலோ சேலையிலோ ஒட்டிக்கொள்ளாது. இரண்டு மடங்கு தூரம் விலகி நின்றால் நம்மேல் விழுவது நாலில் ஒரு பங்காகிவிடும். எனக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு முறையும் கரு உண்டானது தெரிந்த உடனே மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தேன். அப்படிச் சொன்ன பிறகு கருவுக்குப் போகும் அளவு 1 மில்லிசீவர்ட்டைத் தாண்டக் கூடாது என்று விதி. ஆபரேஷன் தியேட்டரில் எலும்பு பொருத்தும்போது இயக்கும் சி-ஆர்ம் எக்ஸ்ரே இயந்திர வேலையிலிருந்து அந்த மாதங்களில் விலக்கி வைத்தார்கள். பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: பேட்ஜ் தராத, கதவில் ஈயத் தகடு இல்லாத, கதிரைத் தடுக்க உடுத்தும் ஈய ஏப்ரனை மடித்து மூலையில் போட்டு வைத்திருக்கிற இடம். ஏப்ரனை மடித்தால் உள்ளே விரிசல் விடும்; வெளியே தெரியாது. வேலைக்குச் சேரும் அன்று நான் முதலில் பார்ப்பது அது தொங்குகிறதா, மடங்கிக் கிடக்கிறதா என்பதைத்தான். அங்கே வேலைக்குப் போகாதே. எவ்வளவு சம்பளம் தந்தாலும் போகாதே.

எம்.ஆர்.ஐ.யில் கதிரே கிடையாது என்று சிலர் நிம்மதியாக இருப்பார்கள். அங்கே காந்தம், அதுவும் எந்நேரமும் உயிரோடு இருக்கும் காந்தம். 2018 இல் மும்பையில் ஒரு மருத்துவமனையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போன ஓர் உறவினர் உயிரிழந்தார். கதவருகே நின்று "ஊக்கு, சாவி, போன்" என்று நச்சரிக்கும் ஆளை யாருக்கும் பிடிக்காது. நீதான் அந்த ஆள்.

இன்னொன்றும் இப்போதே தெரிந்துகொள், பிறகு ஏமாறாதே. ஸ்கேன் என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தையைப் பார்ப்பது என்று நினைத்து இந்தப் படிப்புக்கு வரும் பெண்கள் உண்டு. அந்த அல்ட்ராசவுண்டை நம் நாட்டில் அதற்குப் பதிவு பெற்ற டாக்டர்தான் செய்ய வேண்டும். கருவின் பாலினத்தைப் பார்த்துச் சொல்வதைத் தடுக்க 1994 இல் வந்த சட்டம் அவ்வளவு கடுமையானது. பெண் சிசுக்களுக்காக 1992 இல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்க வேண்டியிருந்த வட்டாரம் நம்முடையது. சட்டம் ஏன் கடுமை என்று நாம் கேட்க முடியாது.

சம்பளம். 2000 இல் என் முதல் சம்பளம் 1,500 ரூபாய். அதே மாதம் திருப்பூரில் பனியன் தைத்துக்கொண்டிருந்த என் சித்தி மகள் என்னைவிட அதிகம் வாங்கினாள். சிறிய தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் இன்றும் பெருமைப்படும்படி இல்லை. சி.டி., எம்.ஆர்.ஐ., இதய ரத்தக்குழாயைப் படம் பிடிக்கும் கேத் லேப் என்று கை பழகப் பழக ஏறும். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் அறிவிக்கும்போது விண்ணப்பிக்க வேண்டும். அரசாணையில் நமக்கு 'நுண்கதிர் வீச்சாளர்' என்று கம்பீரமான பெயர், ஊரில் எக்ஸ்ரே அக்கா. 2021 இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம் நம்மையும் பதிவு பெற்ற தொழிலாளராக்குகிறது. அதனால் அங்கீகாரம் இல்லாத ஆறு மாத, ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு எதிலும் காசைக் கொட்டாதே. பட்டப்படிப்பென்றால் மூன்றாண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. இயற்பியலில் பயம் இருந்தால் இப்போதே அதைத் தீர்த்துக்கொள். முதலாண்டில் தடுக்கி விழுகிறவர்கள் பெரும்பாலும் அங்கேதான் விழுகிறார்கள்.

சம்பளத்தைவிடக் கடினமானது ஒன்று இருக்கிறது. படம் திரையில் வந்த உடனே, டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, நமக்குத் தெரிந்துவிடும். பழகின கண். ஆனால் அறிக்கை எழுதுவது டாக்டர். நாம் சொல்லக் கூடாது. நம் கண் ஏமாந்திருக்கவும் கூடும். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டே அந்தப் பெண் கேட்பாள்: "நன்றாக இருக்கிறதுங்களா?" வெளியே பெஞ்சில் அவள் மாமியார் மடியில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும். "படம் நன்றாக வந்திருக்கிறது" என்போம். தமிழ்நாட்டில் எந்த எக்ஸ்ரே அறைக்குப் போனாலும் இந்த வாக்கியத்தைக் கேட்கலாம். பொய்யில்லாத, பதிலும் இல்லாத வாக்கியம். சொல்லும்போது முகம் மாறாமல் இருக்கப் பழக எனக்கு நெடுநாள் ஆனது.

ஆக, அந்த ஒரு பக்கம். உனக்கு இன்னும் காரணம் இல்லை, இருப்பதாக நடிக்காதே. உன் அம்மாயிக்கு முட்டி வலி இருக்கும், நம் ஊர்ப் பக்கம் அது இல்லாத அம்மாயி யார்? அடுத்த முறை டாக்டர் முட்டிக்கு எக்ஸ்ரே எழுதினால் நீ கூடப் போ. அறைக்கு வெளியே பெஞ்சில் முற்பகல் முழுக்க உட்கார். தறியில் விரலைக் கொடுத்தவர், வண்டியில் விழுந்த பையன், இருமுகிறவர், எல்லாரும் உன் முன்னால்தான் உள்ளே போய் வெளியே வருவார்கள். அம்மாயியின் முறை வரும்போது கவனி. எக்ஸ்ரே எடுப்பவர் அவரைக் கையைப் பிடித்து இழுக்கிறாரா, தோளுக்கடியில் தாங்குகிறாரா? படுக்க வைத்து எடுக்கிறாரா, நிற்க வைத்தா? முட்டி தேய்மானத்துக்கு நிற்க வைத்து எடுக்க வேண்டும். உடம்பின் பாரம் இறங்கினால்தான் மூட்டு இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று தெரியும். படுத்தால் நல்ல முட்டி போலவே இருக்கும். அம்மாயி நிற்கத் தடுமாறும்போது அவர் என்ன செய்கிறார் என்று பார். வீட்டுக்கு வந்து, பார்த்ததை அப்படியே எழுது. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. எழுத்துப் பிழையை மட்டும் பார்த்துத் தருகிறேன்.